கத்தரிக்கோல் வேண்டா, கணக்கு வேண்டும்!

வீரபாண்டிக்கு வருவோர் எவரும் அவ்வூர்க் கதையைக் கேளாது திரும்புவதில்லை. கண்ணொளி இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் முல்லையாற்றங்கரைக்கு வந்தானாம்; கௌமாரியை வேண்டினானாம்; இழந்த பார்வையைப் பெற்றானாம்! கண்ணீசுவரமுடையார் என்றே அங்கொரு கடவுளுக்குப் பெயரும் வழங்குகிறது. கதையை நாம் நம்புவதில்லை. ஆனால், கதைக்குள் இருக்கும் கவலை பொய்யன்று. பார்வை போனால், நாடாளும் மன்னனும் தெருவில் தடவித் தடவித்தான் நடந்தாக வேண்டும்.

இன்று மன்னர் இல்லை, மக்களே மன்னர். அந்த மக்களின் கண்முன்னே, காலை எழுந்தது முதல் இரவு உறங்கும் வரை, கைப்பேசியில் காட்சிகள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. எதைக் காண்பது என்று முடிவு செய்பவர் யார்? கண்ணுக்கு உரியவரா? கண்முன்னே திரை பிடித்து நிற்பவரா? எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

நான் பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன், கெட்டிக்காரன். ஒருநாள் ஓடோடி வந்து ஒரு செய்தி சொன்னான். எங்கோ ஒரு கோயிலில் கற்சிலை கண் திறந்ததாம்! "நீ பார்த்தாயா?" என்று கேட்டேன். "பார்த்தேன் சார், வீடியோவுல வந்துச்சு. வீடியோவுலயே வந்ததுக்கப்புறம் அது எப்படி சார் பொய்யா இருக்கும்?" என்றான். புராணத்தில் படித்திருந்தால் ஐயுற்றிருப்பான்; பாட்டி சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். திரையில் கண்டதால் நம்பினான்!

அவன் தந்தையாரின் கைப்பேசியில் அக்காட்சியைப் பின்னர் நானும் கண்டேன். சிலை கண் திறந்து முடிந்தது. நான் விரலை அசைக்குமுன் அடுத்த காட்சி வந்தது. அரிவாளைச் சுழற்றிச் சாதிப் பெருமை பாடும் பாட்டு! அதனை அடுத்து, மருத்துவர் தந்த மாத்திரையை எறிந்துவிட்டுத் தாம் விற்கும் பொடியைத் தின்றால் சர்க்கரை நோய் பறந்தோடும் என்று முழங்கும் ஒருவர்! இவற்றுள் ஒன்றையேனும் அச்சிறுவன் தேடினானா? இல்லை. அவன் அவற்றைத் தேடிச் செல்லவில்லை. அவை அவனைத் தேடி வந்தன.

அன்று மாலை படிப்பகத்தில் இதனைச் சொன்னேன். தோழர்கள் கொதித்தெழுந்தனர். "தடை போட வேண்டும்! திரைப்படத்துக்குத் தணிக்கை உண்டே, இதற்கு மட்டும் ஏன் இல்லை?" என்றனர். அவர்களுடைய சினத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. காணொளி காட்டிய வழியில் வீட்டிலேயே மகப்பேறு பார்க்க முயன்று, 2018-ல் திருப்பூரில் ஓர் இளந்தாய் மாண்டார். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பறந்தன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் செல்லும் அளவுக்கு அச்சம் பரவிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினர். சாதி நஞ்சு பள்ளிக்குள் புகுந்திருப்பதை ஆராய, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பின்னர் வாளாவிருப்பது பகுத்தறிவாளர்க்கு அழகாகுமா? ஆகாதுதான்.

ஆனால், தோழர்களே! தடை என்ற சொல்லை உச்சரிக்குமுன், நம் இயக்கம் வளர்ந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டாமா?

நாடகத்துக்குத் தடைச் சட்டம் 1876-ல் வந்தது. திரைப்படத்துக்கு 1918-ல் வந்தது. ஆங்கிலேயன் போட்டவை அவை. சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தபோது அதன் தலைமையில் யார் அமர்ந்தார்? கலைஞரா? கல்வியாளரா? காவல்துறை ஆணையர்! கலையைக் காவல்துறையின் கண்ணால் பார்க்கும் மரபு அன்று தொடங்கியது. 1939-ல் வெளிவந்த 'தியாகபூமி' ஆங்கிலேயர் ஆட்சியில் தடை செய்யப்பட்டது. வெள்ளையன் போனான், தடை போயிற்றா? 1952-ல் 'பராசக்தி' வந்தது. கோயில் கூடாது என்பதன்று, கோயில் கொடியவரின் கூடாரம் ஆகக் கூடாது என்ற கருத்தைச் சொன்ன அப்படத்தையே தடை செய்யச் சொல்லிக் கூக்குரலிட்டனர். நடிகவேள் எம்.ஆர். இராதா இராமாயண நாடகம் நடத்தினார். 1954-ல் நாடகங்களைத் தடை செய்யவும், எழுத்துப்படியைக் கேட்டு வாங்கவும் அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம் சென்னை மாநிலத்தில் பிறந்தது.

தணிக்கை நம்மை மாய்த்ததா? மாய்க்கவில்லை. பராசக்தியில் நடித்த எஸ்.எஸ். இராசேந்திரனை 1962-ல் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி எது? இதே தேனி! திரையில் ஒலித்த குரலை நம் பள்ளத்தாக்கு மக்கள் சட்டமன்றத்துக்கே அனுப்பிவைத்தனர்.

இவ்வளவும் பெருமைக்குரியவை. இனி, கசந்தாலும் ஓர் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 1967-ல் நம்மவர் ஆட்சிப் பீடம் ஏறினர். 1954-ன் நாடகச் சட்டம் மறுநாளே குப்பைத் தொட்டிக்குப் போனதா? போகவில்லை. ஆட்சிகள் மாறின, சட்டம் இருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம்தான் அதன் முதன்மையான பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. நடிகவேளை நசுக்கப் பிறந்த கருவி, நடிகவேளைப் போற்றியவர்களின் ஆட்சியிலும் நாற்பதாண்டுக்கு மேல் கூர்மை மாறாமல் கிடந்தது! ஏன்? தடை செய்யும் அதிகாரம் கைக்கு வந்தபின் அதனைக் கீழே வைக்க எவருக்கும் மனம் வருவதில்லை. இது நமக்கு வரலாறு கற்பித்த முதற்பாடம்.

இரண்டாம் பாடம் இன்னும் கடுமையானது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்றொரு படம் வந்தது. இடஒதுக்கீட்டைக் குறைகூறிய படம். நம் கொள்கைக்கு நேர் எதிரான படம். அதற்குத் தந்த சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 1989-ல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைக் கவிழ்த்தது. கிளர்ச்சி நடக்கும், கலவரம் வெடிக்கும் என்று எவரோ அச்சுறுத்துவதற்காகக் கருத்துரிமையைப் பலியிட முடியாது என்றது. உரிமையைக் காப்பதே அரசின் கடமை என்றது. படம் நமக்குக் கசப்பு, தீர்ப்பு? அதே தீர்ப்பு அல்லவா நம் மேடைக்கும் வேலி! எதிரியின் வாயைக் கட்ட நாம் கேட்கும் கயிறு, நம் கழுத்தின் அளவுக்கும் சரியாகவே இருக்கும்.

'அப்படியானால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவதா?' என்று கேட்பீர்கள். அதுவும் அன்று. காலம் மாறியிருக்கிறது, எப்படி மாறியிருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

திரைப்படச் சட்டம் எழுதப்பட்ட நாளில் கொட்டகை இருந்தது, சுவர் இருந்தது, வாயிலில் சீட்டுக் கிழிப்பவர் இருந்தார். 1970-ல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் திரைப்படத்துக்குத் தணிக்கை தகும் என்று கூறியபோது, பிற கலைகளினும் படக்காட்சி உணர்ச்சியை ஆழமாகக் கிளறவல்லது என்பதைக் காரணம் காட்டிற்று. பின்னர் ஒளிநாடா வந்தது. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். நம் ஆண்டிப்பட்டியின் வேட்பாளர். ஆனால், அவர் இருந்ததோ அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில். வேட்பாளர் வரவில்லை, அவர் நலமாயிருக்கும் காட்சி வந்தது, வாக்காளர் கண்டனர், வென்றார். சுவரும் சீட்டும் இல்லாத தெருவுக்குத் திரை இறங்கி வந்துவிட்டதை அன்றே கண்டோம். பிறகு கம்பிவடத் தொலைக்காட்சி வீடு புகுந்தது. அது புகுந்து சில ஆண்டுகள் கழித்தே, 1995-ல், அதற்குச் சட்டம் வந்தது. கருவி குதிரையில் போகிறது. சட்டம் கட்டை வண்டியில் பின்தொடர்கிறது.

இன்று? யூடியூப் ஒன்றில் மட்டும் நிமிடத்துக்கு ஐந்நூறு மணி நேரக் காட்சி ஏற்றப்படுவதாக அந்நிறுவனமே கணக்குச் சொன்னது. கரும்பலகையில் இதனைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளில் 1,440 நிமிடம். எனவே 7,20,000 மணி நேரம். அதாவது முப்பதாயிரம் நாள். ஒரே நாளில் ஏறுவதைக் கண் இமைக்காது பார்த்து முடிக்க ஒரு மனிதருக்கு எண்பத்திரண்டு ஆண்டு வேண்டும்! எந்தத் தணிக்கைக் குழு இதனைப் பார்க்கும்? எந்தக் கத்தரிக்கோல் இதனை வெட்டும்? எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்ப்போம் என்று ஓர் அரசு சொன்னால் அதற்குப் பொருள் ஒன்றே: தனக்குப் பிடிக்காதவற்றை மட்டும் பார்த்து வெட்டும்.

ஆகவே, கேள்வியையே மாற்றியாக வேண்டும். நூறாண்டுகளாகச் சட்டம், "நீ ஏன் இதனைச் சொன்னாய்?" என்று படைத்தவரை நோக்கிக் கேட்டுவந்தது. இனிக் கேட்க வேண்டியது, "நீ ஏன் இதனை இவனுக்குக் காட்டினாய்?" என்பது. கேட்க வேண்டியது, காட்டியவரை நோக்கி!

இந்த மேடை நிறுவனங்கள் என்ன சொல்கின்றன? 'நாங்கள் வெறும் அஞ்சற்காரர். கடிதத்தில் உள்ளதற்கு நாங்கள் பொறுப்பில்லை' என்கின்றன. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு அவற்றுக்கு அந்தக் காப்பை வழங்குகிறது. உண்மையான அஞ்சற்காரருக்கு அது தகும். ஆனால், எந்த அஞ்சற்காரர் நம் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்? எந்த அஞ்சற்காரர், 'இவன் சினத்தைத் தூண்டும் கடிதம் வந்தால் நெடுநேரம் வாசலில் நிற்கிறான். ஆகவே அவற்றையே முதலில் கொடுப்போம்' என்று கணக்கிடுகிறார்? எந்த அஞ்சற்காரர், நாம் நிற்கும் ஒவ்வொரு நொடியையும் விளம்பரக்காரருக்கு விற்கிறார்? தெரிந்தெடுப்பவர், வரிசைப்படுத்துபவர், அந்த வரிசையால் பணம் ஈட்டுபவர் அஞ்சற்காரர் அல்லர், அவர் கொட்டகைக்காரர். திருவிழாவில் ஒருவர் உளறுவது அவர் உரிமை. அவ்வுளறலை ஒலிபெருக்கியில் பூட்டி ஊர் முழுதும் ஒலிக்கச் செய்து வாடகை வாங்குபவரிடம் கணக்குக் கேட்பது ஊரார் உரிமை!

நம் நாட்டுச் சட்டம் இந்த வழியில் நடக்கிறதா? 2021 பிப்ரவரியில் புதிய விதிகள் வந்தன. இணையவழிப் படங்களுக்கு ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று படிநிலைகள் வகுக்கப்பட்டன, நல்லது. இன்ன வயதினர்க்கு உரியது என்று சொல்வது வெட்டு அன்று. பெற்றோர்க்குத் தரும் அறிவிப்பு. ஆனால், முறையீட்டின் மேல்தட்டில் அமர்ந்திருப்பவர் யார்? அரசுத் துறைகளின் அதிகாரிகள் கொண்ட குழு! அதே 2021-ல், தணிக்கையை எதிர்த்து முறையிடத் திரைப்படத்துறையினர்க்கு இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் கலைக்கப்பட்டது. 1995-ல், அலைவரிசை பொதுமக்கள் சொத்து. அதனை அரசும் தனியாரும் ஏகபோகமாக்கிக் கொள்ளலாகாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதன் உட்பொருள் இன்னும் கைகூடவில்லை.

மறைவில் நடப்பதும் இருக்கிறது. இணையதளங்களை முடக்க 2009-ல் வகுத்த விதிகள், முடக்கும் ஆணைகளையும் அவற்றுக்குக் காரணமான புகார்களையும் கமுக்கமாக வைத்திருக்கச் சொல்கின்றன. 2025 பிப்ரவரியில், தலைமையமைச்சரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முழுவதும் முடங்கியது. ஒரு படத்துக்காக ஒரு நூலகத்தையே பூட்டியது போலாயிற்று! மார்ச்சில் உயர்நீதிமன்றம் தலையிட்டது. அச்சித்திரத்தை எடுத்துவைத்தபின் தளத்தைத் திறக்கச் சொன்னது.

அரசு ஆணையே இல்லாமலும் வாய் மூடப்படுகிறது. 'அன்னபூரணி' என்ற படம் தணிக்கைச் சான்று பெற்று 2023 டிசம்பரில் திரையரங்குகளில் ஓடியது. வைதிகக் குடும்பத்துப் பெண் சமையற்கலைஞராகி இறைச்சி சமைப்பது கதை. இணையத்தில் ஏறியதும் மனம் புண்பட்டதாகப் புகார்கள் கிளம்பின. 2024 சனவரியில் நெட்ஃபிளிக்ஸ் அதனை நீக்கிவிட்டது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. கூச்சல் எழுந்தது, கடை மூடப்பட்டது. 1989-ல் உச்சநீதிமன்றம் எதனைக் கூடாது என்றதோ, அதனை வணிகரின் அச்சம் செய்துமுடித்தது!

ஆக, இரு பக்கமும் ஆபத்து. ஒரு பக்கம், காரணம் சொல்லாமல் வெட்டும் அரசு. மறு பக்கம், காரணம் சொல்லாமல் காட்டும், காரணம் சொல்லாமல் நீக்கும் நிறுவனம். இரண்டுக்கும் பொதுவான நோய் எது? கணக்குச் சொல்லாமை! மருந்தும் அதுவே: இருவரையும் கணக்குச் சொல்ல வைத்தல்.

வேண்டுவன நான்கு. முதலாவது, காட்டுபவர் காரணம் சொல்ல வேண்டும். எதற்காக இக்காட்சி என்முன் வந்தது என்று கேட்டால் விளங்கும் மொழியில் விடை தர வேண்டும். அந்தப் பரிந்துரையை நிறுத்திவைக்கும் பொத்தான் என் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, நீக்குவது அரசாயினும் நிறுவனமாயினும், படைத்தவருக்கு அறிவித்து, காரணத்தை எழுதி, ஊரறிய வெளியிட வேண்டும். மூன்றாவது, முறையீடு கேட்கும் அமைப்பு அமைச்சகத்தின் மடியிலும் முதலாளியின் மடியிலும் அமராத தனி அமைப்பாக இருக்க வேண்டும். நான்காவது, எளிய மனிதர் பேச உரிமம் கேட்கக் கூடாது. ஒலிபரப்புச் சேவை வரைவொன்று தனிமனிதக் காணொளியாளரையும் வளையத்துக்குள் இழுக்கும் என்று 2024-ல் எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டில் அவ்வரைவு திரும்பப் பெறப்பட்டது. மேடை பெரிதாக ஆகப் பொறுப்புப் பெரிதாகட்டும். முச்சந்தியில் பேசுபவரிடம் முத்திரைத்தாள் கேட்க வேண்டா.

இவை கனவல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தன் ஒலி ஒளி ஊடக நெறியைத் திருத்திக் காணொளி மேடைகளையும் அதற்குள் கொண்டுவந்தது. 2022-ல் இயற்றிய டிஜிட்டல் சேவைச் சட்டத்தில், நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்றும், மிகப்பெரிய மேடைகள் பயனரைத் துருவாத வரிசை ஒன்றையும் தர வேண்டும் என்றும், சிறுவரைத் துருவிய விவரங்களைக் கொண்டு அவர்களுக்கு விளம்பரம் காட்டலாகாது என்றும் விதித்தது. ஆசுதிரேலியா வேறு வழி சென்றது. 2025 டிசம்பர் முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைப்பதற்கே தடை போட்டது. அந்த வழி நம் ஊருக்குப் பொருந்துமா? என் மாணவனுக்குக் கணக்கே இல்லை. அவன் பார்த்தது தந்தையாரின் கைப்பேசியில்! ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்றிருக்கும் ஊரில், கணக்குக்கு வயது கேட்பது கதவில்லாத வீட்டுக்குப் பூட்டுப் போடுவதாகும். எனவே, எவர் கைப்பேசியாயினும், தேடாதவருக்குத் தானே வந்து விழும் காட்சிகளின் வரிசையைத்தான் நெறிப்படுத்த வேண்டும்.

'அரிவாள் பாட்டுக்கு என்ன விடை?' என்று தோழர் கேட்பார். வெட்டு, குத்து என்று ஏவுவது கருத்தன்று, குற்றம். அதற்குக் குற்றவியல் சட்டம் உண்டு. 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. வெளிப்படையாக வழக்குத் தொடுங்கள், சான்று காட்டுங்கள், நீதிமன்றம் தண்டிக்கட்டும். முன்கூட்டி வாய் மூடுவது வேறு. நடந்த குற்றத்துக்கு வழக்காடுவது வேறு. ஏவியவரோடு, அந்தப் பாட்டைப் பல்லாயிரம் சிறுவர்க்கு வலியக் காட்டிய மேடையும் கூண்டில் ஏறிக் கணக்குச் சொல்லட்டும். சிலை கண் திறந்த காட்சிக்கோ தடை வேண்டா. அதற்கு நம் நாக்கும் நம் அறிவும் போதும்.

அப்படித்தான் செய்தோம். அம்மாணவனையும் அவன் தோழர்களையும் அழைத்து, சுண்ணாம்புக்கட்டியால் கண் வரைந்த ஒரு கல்லை வைத்து, கைப்பேசியிலேயே அதனைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டிக் காட்டினோம். கால் மணி நேரத்தில் எங்கள் கல்லும் கண் திறந்தது! வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. சிறிது நேரம் எண்ணமிட்டிருந்துவிட்டு, "அப்ப, இத எனக்கு அனுப்புனது யாரு சார்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு விடையளிக்க இன்று எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. அந்தக் கடமையைச் சட்டமாக்குவதே நம் வேலை. அதுவரை, படிப்பகந்தோறும் பள்ளிதோறும் கல்லைக் கண் திறக்கச் செய்து காட்டுவோம். பாண்டியனுக்குக் கண் கொடுத்ததாகக் கதை சொல்லும் ஊரில், எந்தத் தெய்வமும் கொடுக்காத கண்ணை, எந்தத் தணிக்கையாளரும் காக்க முடியாத கண்ணை, ஒரு சிறுவன் ஒரு கேள்வியால் தானே திறந்துகொண்டான்.